இருநூறு கஜத்திலிருந்து இருபது கஜத்துக்கு

பென்சில்வேனியாவில் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர், ஆள் குடியிருக்கும் எந்த வீட்டிலிருந்தும் 150 கஜம் தள்ளியே இருக்க வேண்டும். அந்த வீட்டார் அனுமதி கொடுத்தால் விஷயம் வேறு. வில்லோடு போகிறவருக்கு இந்தத் தூரம் 50 கஜம். ஒன்பது வருடம் லைசன்ஸ் எடுத்தும் இந்த இரண்டு எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான் வழக்கமாகப் போகும் பண்ணையின் ஓரத்தில் வரிசையாக வீடுகள் முளைத்த பிறகுதான் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஒரு வீட்டைச் சுற்றி 150 கஜத்துக்கு வட்டம் போட்டால் 14.6 ஏக்கர் போய்விடுகிறது. 50 கஜ வட்டத்தில் போவது 1.6 ஏக்கர்தான். அந்தப் பண்ணையே மொத்தம் அறுபது ஏக்கர்! ரைஃபிளுக்கு மிஞ்சியது நடுவில் இருந்த வெறும் சோயா வயல். மான் இருந்த மரக்கூட்டமெல்லாம் வட்டத்துக்குள் போய்விட்டது.

அப்படித்தான் வில்லுக்கு வந்தேன். வீரம், மரபு என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நான் திருச்சிப் பக்கத்துக்காரன், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவன். எங்கள் வீட்டில் வேட்டை பற்றி யாரும் பேசிக்கூடக் கேட்டதில்லை. ஹாரிஸ்பர்க் பக்கம் வேலைக்கு வந்து, இரண்டு முறை காரில் மான் மோதி, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரின் பேச்சுத்துணையால் பயிற்சி வகுப்பு முடித்து, 2011-இல் முதல் லைசன்ஸ் எடுத்தேன். "மானைத் தேடி எதுக்குங்க காட்டுக்குப் போறீங்க, அதுவே ரோட்டுக்கு வருதே" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

2020 அக்டோபரில் புது வில்லோடு நான் நேராகப் போய் உட்கார்ந்தது அந்தப் பண்ணையில் இல்லை, என் இன்னொரு பழைய ரைஃபிள் இடத்தில். அது பெர்ரி கவுண்டியில், வீட்டுக்காரர் ஒருவருக்குச் சொந்தமான மலைச்சரிவு. உயர் மின்கம்பிக்காக மரங்களை வெட்டி நீளமாகத் திறந்துவிட்ட பாதை ஒன்று அங்கே இருக்கிறது. சரிவின் நடுவில் உட்கார்ந்தால் இடமும் வலமும் இருநூறு கஜத்துக்குப் பார்வை போகும். ரைஃபிளோடு அங்கே ஐந்து மான் எடுத்திருக்கிறேன். வில்லோடு பதினான்கு தடவை உட்கார்ந்தேன். என் குறிப்பேட்டில் இருக்கிறது: பார்த்தவை முப்பத்தொன்று, மிக அருகில் வந்தது 62 கஜம். ஒரு அம்புகூட வில்லை விட்டுப் போகவில்லை.

பெரியவரிடம் புலம்பினேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்த முப்பத்தொரு மானும் அந்தப் பாதையை எந்த இடத்தில் தாண்டின?" எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை, எந்தப் பக்கமிருந்து, கொம்பு இருந்ததா என்பதையெல்லாம் எழுதி வைத்திருந்தேன். எங்கே காலை வைத்துத் தாண்டின என்று ஒரு வரி இல்லை. ரைஃபிள் காலத்தில் அது தேவைப்படவே இல்லையே. திறந்த வெளியில் எங்கே வந்தாலும் அது என் கைக்கு எட்டும் தூரம்தான்.

இன்னொன்றையும் அவர்தான் புரியவைத்தார். ரைஃபிள் சீசனின் முதல் நாள், நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) பண்டிகைக்கு அடுத்து வரும் சனிக்கிழமை. 2019-க்கு முன்பு அது திங்கட்கிழமையாக இருந்தது. அன்றைக்கு மலை முழுக்க ஆரஞ்சு உடுப்பு போட்ட வேட்டைக்காரர்கள். ஆட்கள் நடக்க நடக்க மான்கள் கலைந்து ஓடும், திறந்த இடத்தையும் தாண்டும். எனக்குக் கிடைத்த ஐந்தில் குறைந்தது மூன்று, மற்றவர்கள் கலைத்து அனுப்பியவை. நான் என்னவோ நல்ல இடம் பிடித்த கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! அக்டோபரில் மலையில் ஆள் நடமாட்டமே இருக்காது. மான் தன் இஷ்டத்துக்கு எழும், தின்னும், திரும்பப் போய்ப் படுக்கும். மின்கம்பிப் பாதை மாதிரி வெட்டவெளியைப் பகல் வெளிச்சத்தில் அது ஏன் தாண்ட வேண்டும்?

சரி, மறுநாளே போய் அந்தப் பாதையின் ஓரமாக நடந்தேன். மூன்று இடத்தில் தடம் தாண்டியிருந்தது. அதில் ஒன்று மட்டும் தேய்ந்து மண்ணே தெரிந்தது. பழைய கம்பி வேலி ஒன்று சரிந்து கிடந்த இடம். ஒரு பக்கம் காட்டு ரோஜா முள் பின்னிக் கிடக்க, மறுபக்கம் ஓடை செங்குத்தாக இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி அகலம், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்தால் முப்பது கஜத்துக்கு மேல் எதுவும் தெரியாது. ரைஃபிள்காரன் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அந்த வருடம் நவம்பர் முதல் வாரம் என் முதல் வில் மான், ஒரு பெண்மான், அந்தச் சந்து வழியாகத்தான் வந்தது. 17 கஜம்.

இப்போது இடம் தேடும்போது நான் பார்ப்பது இந்த மாதிரி இடுக்குகளைத்தான். வேலி சரிந்த இடம், ஓடையின் கரை தாழ்ந்து கால் வைக்க வசதியான துறை, இரண்டு மரக்கூட்டங்களை இணைக்கும் குறுகிய புதர்வரிசை, காட்டுக்குள் வயல் மூலையாக நுழையும் இடத்தின் உள்பக்கம், மலைச்சரிவில் திண்ணை போலத் தட்டையாக ஓடும் வரம்பு. மான் நம்மைப் போலத்தான். வளைந்து ஏறுவதைவிடத் தட்டையில் நடக்கவே அதற்குப் பிடிக்கும்.

தூரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடத்தைத் தீர்மானிப்பதே அதுதான். கப்பிகள் வைத்த என் காம்பவுண்ட் வில்லின் அம்பு வினாடிக்கு 280 அடி வேகத்தில் போகிறது. ரைஃபிள் குண்டு அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு. முப்பது கஜத்தைக் கடக்க என் அம்புக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. நாணின் சத்தம் அதற்கு வெகு முன்பே, வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குக்குள், மானின் காதை எட்டிவிடும். மிச்சமிருக்கும் நேரத்தில் மிரண்ட மான் என்ன செய்கிறது தெரியுமா? பாய்வதற்காக முதலில் கால்களை மடக்கி உடம்பைக் கீழே இறக்குகிறது. நெஞ்சுக்குக் குறி வைத்த அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது அதைவிட மோசமாக முதுகில் மேலாகப் படும். வீட்டுப் பின்பக்கம் முப்பது கஜத்தில் ஐந்து அம்பையும் டிபன் தட்டு அளவுக்குள் போடுகிறேன். காட்டில் 25 கஜத்துக்கு மேல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் 25 கஜ வட்டத்தை மனதில் போட்டு, அதற்குள் மான் வர ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் எவ்வளவு அழகான காடாக இருந்தாலும் கிளம்பிவிடுவேன்.

தடத்துக்கு நேர் மேலே பரண் கட்டுவதும் தப்பு. (மரத்தில் கட்டி உட்காரும் ட்ரீ ஸ்டாண்டைப் பரண் என்றுதான் நான் சொல்கிறேன். குறிஞ்சி நிலத்தில் தினைக்காவலுக்குப் போட்டதும் அதுதானே.) நேர் மேலிருந்து எய்தால் அம்பு படவேண்டிய இடம் குறுகிப் போகிறது, இரண்டு நுரையீரலையும் தொடுவது கஷ்டம். தடத்திலிருந்து பதினைந்து, பதினெட்டு கஜம் தள்ளி, பதினெட்டு அடி உயரம். எனக்கு ஒத்துவருவது இது.

அடுத்தது காற்று. ரைஃபிளோடு இருநூறு கஜத்தில் உட்கார்ந்தபோது காற்றைப் பற்றிப் பெயருக்குத்தான் கவலைப்பட்டேன். இருபது கஜத்தில் அது ஒன்றுதான் கவலை. பென்சில்வேனியாவின் இந்தப் பகுதியில் மலைமுகடுகள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, போர்வையை மடித்து வைத்தது போல வரிசையாக ஓடுகின்றன. குளிர் இறங்கும் நாட்களில் காற்று வடமேற்கிலிருந்து வந்து முகட்டைத் தாண்டி மறுபக்கம் சரிகிறது. மான்கள் பெரும்பாலும் அந்த மறுபக்கச் சரிவின் மேல் பகுதியில் படுக்கின்றன. முதுகுப்பக்க வாசனையைக் காற்று கொண்டுவந்து தருகிறது, கீழே நடப்பதைக் கண் பார்த்துக்கொள்கிறது. அதோடு, வெயில் ஏறியதும் சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். சாயங்காலம் குளிர்ந்ததும் தண்ணீர் மாதிரி பள்ளத்தைப் பார்த்து இறங்கும். அதனால் ஒரே மரம் காலைக்கு ஒத்துவரும், மாலைக்கு ஒத்துவராது. அந்த வேலி இடுக்கில் நான் மாலையில் உட்கார்ந்த நாட்களெல்லாம் வீண். என் வாசனை ஓடை வழியாக இறங்கி, மான் வரவேண்டிய பள்ளத்திலேயே தேங்கி நின்றிருக்கிறது. மூன்று முறை மான் சீறிவிட்டு ஓடியதும்தான் எனக்கு உறைத்தது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. அக்டோபரில் வயலோரம் மில்க்வீட் காய்கள் வெடித்திருக்கும். உள்ளே பட்டு மாதிரிப் பஞ்சு. முதல்முறை பார்த்தபோது எருக்கங்காய் ஞாபகம்தான் வந்தது. பிறகு தேடிப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள்தான். சின்ன வயதில் எருக்கம்பஞ்சை ஊதி விட்டு விளையாடியதை இங்கே பரணில் உட்கார்ந்து செய்கிறேன். ஒரு இழையை விட்டால் அது நேராகப் போய், திடீரென்று ஒரு மரத்தைச் சுற்றி, கீழே இறங்கி, அறுபது, எழுபது கஜம் தாண்டியும் மிதப்பது தெரியும். காற்றுப் பார்க்கப் பொடியைப் பீய்ச்சும் பவுடர் குப்பி, நம் முகத்துக்கு முன்னால் காற்று எப்படி இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். ஒரு இடத்தைப் பிடிப்பதற்கு முன் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பஞ்சு விட்டுப் பார்த்துவிட்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

போகும் வழியும் வரும் வழியும் இடத்தோடு சேர்ந்ததுதான். நல்ல மரம், ஆனால் அதற்குப் போக மான் மேயும் வயலைக் குறுக்கே கடக்க வேண்டும் என்றால் அந்த மரம் எனக்கு வேண்டாம். ஒரு இடத்துக்கு நான் ஓடைத் தண்ணீரிலேயே ரப்பர் பூட்ஸோடு நடந்துதான் போகிறேன். சத்தமும் இல்லை, வாசனையும் தரையில் படிவதில்லை.

தீனி வாரத்துக்கு வாரம் மாறும். செப்டம்பர் கடைசியில் சோயா இலை மஞ்சளாகும்போது மான்கள் வயலை விட்டுவிடும். அப்புறம் ஓக் கொட்டை. வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, விழுந்த உடனே தின்றுவிடும். இலையின் ஓரம் உருண்டு இருந்தால் வெள்ளை ஓக் வகை, கூராக முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் வகை. ஆகஸ்டிலேயே பைனாகுலரால் கிளையைப் பார்த்து எந்த மரம் காய்த்திருக்கிறது என்று குறித்துக்கொள்வேன். எல்லா வருடமும் ஒரே மரம் காய்ப்பதில்லை. அக்டோபர் கடைசியில் ஆண்மான்கள் பெண்மான்களைத் தேடி அலையத் தொடங்கியதும் தீனியைவிட மறுபடி இடுக்குகள்தான் முக்கியம்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கம் ஆஷ் மரங்கள் எமரால்ட் ஆஷ் போரர் என்ற வண்டால் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயிருக்கின்றன. பட்டை உரிந்து வெளிறி நேராக நிற்கும், பரணுக்கு ரொம்பப் பொருத்தமாகத் தெரியும். ஏறவே கூடாது. உயிருள்ள மரம், பின்னால் உருவத்தை மறைக்க இன்னொரு மரமோ கிளையோ, தரையை விட்ட நொடியிலிருந்து ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வார். ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் என்ற, பொதுமக்கள் வேட்டையாடும் மாநில அரசு நிலங்களில் பரண் கட்டினால் அதில் உங்கள் அடையாளச் சீட்டு இருக்க வேண்டும், மரத்தில் ஆணியோ திருகுப்படியோ அடிக்கக் கூடாது.

சொந்த நிலமோ தெரிந்த பண்ணையோ இல்லாதவர்கள் இந்தக் கேம் லேண்ட்ஸைத் தைரியமாகப் பார்க்கலாம். மாநிலம் முழுக்க சுமார் 15 லட்சம் ஏக்கர் இருக்கிறது. அக்டோபரில் வார நாட்களில் வண்டி நிறுத்துமிடமே காலியாக இருக்கும். எல்லோரும் உள்ளே வெகுதூரம் நடப்பார்கள். நான் நிறுத்துமிடத்திலிருந்து முந்நூறு கஜத்துக்குள் இருக்கும் முள்புதர்களை முதலில் பார்ப்பேன்.

அதோடு, வேலைக்குப் போகிற நமக்கு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது பெரிய விஷயம். ரைஃபிள் சீசனில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். வார இறுதி மட்டும்தான் கைக்குக் கிடைக்கும், அதனால் ஒன்றரை மணிநேரம் ஓட்டிப்போவது பரவாயில்லை. வில் சீசன் பெரும்பாலான பகுதிகளில் அக்டோபர் தொடக்கத்திலிருந்து நவம்பர் நடு வரை. அக்டோபர் முன்பாதியில் ஆறரை மணி வாக்கில்தான் சூரியன் மறையும், அதற்குப் பிறகும் அரைமணி நேரம் சட்டப்படி வேட்டையாடலாம். நான்கு மணிக்கு ஆபீஸை விட்டால் ஐந்துக்குப் பரணில். வில்லில் ஒரு மானுக்கு இருபது தடவையாவது உட்கார வேண்டியிருக்கிறது. அது பக்கத்தில் இருக்கும் சுமாரான இடத்தில்தான் முடியும். தூரத்தில் இருக்கும் பிரமாதமான இடத்தில் நான்கு தடவைக்கு மேல் உட்கார்ந்ததே இல்லை.

பக்கத்தில் என்றால் பெரும்பாலும் சின்னச் சின்னத் தனியார் நிலங்கள். ரைஃபிளுக்கு "முடியாது" என்று சொன்ன இரண்டு பேர் வில்லுக்குச் சரி என்றார்கள். ஒருவர் பூசணித் தோட்டக்காரர். மான் தின்ற பூசணிகளைக் காட்டி அவரே புலம்பினார். கேட்கப் போவதென்றால் ஆகஸ்டில் போங்கள், சீசன் தொடங்கிய பிறகு உடுப்பும் வில்லுமாகப் போய் நிற்காதீர்கள். எங்கே வண்டி நிறுத்துவேன், எந்தெந்த நாள் வருவேன் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சின்ன நிலத்தில் உள்ள ஆபத்தை நான் 2021-இல் பட்டுத் தெரிந்துகொண்டேன். ரைஃபிள் அடிபட்ட மான் பல சமயம் நின்ற இடத்திலேயே விழும். அம்பு பட்ட மான், நல்ல அடியாக இருந்தாலும், நூறு கஜம்கூட ஓடும். அன்றைக்கு ஓடியது நேராக எல்லையை நோக்கி. மரங்களில் ஊதா பெயிண்ட் கோடு. 2020-லிருந்து இங்கே பெரும்பாலான கவுண்டிகளில் ஊதாக்கோடு என்றால் அத்துமீறி நுழையாதே என்று பலகை வைத்ததற்குச் சமம். இரத்தத் தடம் கோட்டைத் தாண்டிப் போகிறது, நான் இந்தப் பக்கம் டார்ச்சோடு நிற்கிறேன். அடிபட்ட மானை எடுப்பதற்கென்றாலும் அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. இருட்டில் சுற்றிப்போய், யார் வீடென்றே தெரியாத ஒரு கதவைத் தட்டினேன். ஏழு மணிக்கு, முகத்தில் பச்சை மையோடு, ஒரு பழுப்புத் தோல்காரன் வாசலில் நின்றால் யாருக்கும் சங்கடம்தான். அந்த அம்மாள் நல்லவர், கணவரையே விளக்கோடு அனுப்பினார். மான் கோட்டிலிருந்து நாற்பது கஜத்தில் கிடந்தது. வேறு வீடாக இருந்திருந்தால் அந்த மான் அழுகிப்போயிருக்கும், என் தப்பால்.

இப்போது எல்லையிலிருந்து நூறு கஜத்துக்குள் பரண் கட்டுவதென்றால், சீசனுக்கு முன்பே பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசி அவர் போன் நம்பரை வாங்கிக்கொள்கிறேன். அவர் மறுத்தால் அந்த மரத்தை விட்டுவிடுகிறேன். அடி சந்தேகமாக இருந்தால் உடனே பின்தொடராமல் காத்திருக்கவும் இடம் கொடுக்க வேண்டும். நுரையீரல் என்றால் அரைமணி போதும், வயிற்றில் பட்டிருந்தால் எட்டு மணிநேரத்துக்கு மேல் விடவேண்டும். அதற்குள் மிரட்டிக் கிளப்பிவிட்டால் அது இரண்டு, மூன்று நிலங்களைத் தாண்டிவிடும்.

ரைஃபிளை விற்கவில்லை. முதல் சனிக்கிழமை மட்டும் பழைய மின்கம்பிப் பாதைக்குப் போய் உட்காருகிறேன், மற்றவர்கள் கலைத்துவிடுவதற்காகத்தான்.

போன குளிர்காலத்தில் ஆபீஸ் தம்பி ஒருவன், மதுரைப் பையன், வில் வாங்கப் போவதாகச் சொல்லி எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டான். வில் அப்புறம் பார்க்கலாம் என்று பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசணித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். சீசன் முடிந்த காடு, இலை கிடையாது, பனியில் தடமெல்லாம் கோடு போட்ட மாதிரி தெரியும், மான் கலைந்தாலும் நஷ்டமில்லை. அவன் பெரிய ஓக் மரங்கள் இருந்த மேட்டைப் பார்த்து நின்றுவிட்டான். தடங்கள் எல்லாம் அங்கே போகவில்லை. புதுவீடுகளுக்குப் பின்னால், உடைந்த டிராக்டர் டயர்கள் போட்டிருந்த பள்ளத்தின் வழியாக, ஒரே வரிசையாகப் போயிருந்தன. கடைசி வீட்டுச் சுவரிலிருந்து, தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டரில் பார்த்தேன். 58 கஜம்.

"இங்கயா அண்ணே?" என்றான், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

பையிலிருந்து எருக்கம்பஞ்சு மாதிரி ஒரு இழையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "விட்டுப் பாரு" என்றேன்.